சும்மா இருக்கும் அறையின் சத்தம்

படம் எடுக்கக் கற்றுக்கொண்டபோது எனக்கு அறுபத்தேழு வயது. ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளி, அதற்குப் பிறகு கம்பெனி வேலை. அவ்வளவுதான் என் படிப்பு. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் குரலே வெளியே வராது. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லும்போதுகூட ஐயர் குனிந்து, "என்னம்மா?" என்று இரண்டு தடவை கேட்பார். அப்படிப்பட்டவள் கையில் மைக்கைக் கொடுத்து ஒரு மண்டபத்தில் நிறுத்தினார்கள்.

டத்தோ கிராமாட்டில் தம்பியின் வீட்டில் இருந்தேன். அப்பா வாங்கிய வீடு, தம்பி பெயருக்கு எழுதிய வீடு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சமையலறையை ஒட்டிய பின் அறை என்னுடையது. தம்பி, அவன் மனைவி, வேலைக்குப் போகும் மகள், சிங்கப்பூரில் இருந்து மாதத்துக்கு ஒரு முறை வரும் மகன், நான். இதுதான் குடும்பம்.

கம்பெனியில் முதல் பதினோரு வருடம் தகடு வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றேன். என் இடது காது அங்கேயே போய்விட்டது. வலது காதிலும் பாதிதான் மிச்சம். பிறகு இருபது வருடம் மைக்ரோஸ்கோப். நகத்தில் பாதி அளவு கம்ப்யூட்டர் சில்லில், தலைமுடியைவிட மெல்லிய கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் ரிஜெக்ட். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பார்த்தேனோ தெரியாது. காது போனாலும் கண் கூர்மையாகிவிட்டது. அதற்கு யாரும் பாராட்டு எதுவும் தரவில்லை. கண்ணாடி பவரைத்தான் ஏற்றினார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் தெருவில் ஒரு குறும்படம் எடுக்க வந்தார்கள். டைரக்டர் முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். பட்டர்வொர்த்துக்காரி. எந்தப் பெரிய நிறுவனமும் இல்லாமல் தானாகவே படம் எடுப்பவள். எங்கள் வீட்டு முன் அறையை மூன்று நாளைக்குக் கேட்டாள். தம்பி மனைவிக்கு வீடு படத்தில் வரும் என்று சந்தோஷம். பழைய திரைச்சீலையைக்கூட மாற்றினாள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது நாள், துணிமணி தூக்கிக்கொண்டு நின்ற பெண்ணின் காதில் மெதுவாகச் சொன்னேன்.

"அந்தப் பிள்ள வளையலு இப்ப இடது கையில இருக்கு. முந்தி வலது கையில இருந்துச்சு."

அவள் அதை டைரக்டரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டாள். நான் சமையலறைக்கு ஓடிவிட்டேன். டைரக்டர் பின்னாலேயே வந்தாள்.

"ஆண்ட்டி, ஏன் ஓடறீங்க? நீங்க சொன்னது கரெக்ட். செக் பண்ணிட்டேன். வேற என்ன பாத்தீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா."

"பயப்படாம சொல்லுங்க லா."

"தண்ணி கிளாஸு முக்கா இருந்துச்சு. இப்ப பாதிதான் இருக்கு. அந்த அங்கிள் சட்டையில மேல் பட்டன் முந்தி போட்டிருந்தாரு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மீதி ஒன்றரை நாளும் என்னைத் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். போகும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனில் ஒரு கடையின் மாடியில் படம் எடுக்க வகுப்பு நடத்துவதாகவும், காசு வேண்டாம் வாருங்கள் என்றும் சொன்னாள்.

"போங்கக்கா," என்றாள் தம்பி மனைவி. "வீட்டுல உங்களுக்கு என்ன வேலை?"

நாலு பேருக்குச் சமையல் யார் செய்வது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே எழுந்து குழம்பு வைத்து மூடிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

ஆறு பேர் படித்தோம். மற்ற ஐந்து பேரும் எனக்குப் பேரப்பிள்ளை வயது. முதல் நாள் அவள் கேமராவையே காட்டவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் எதிர்ச் சுவரில் வெயில் என்ன செய்கிறது என்று பார்க்கச் சொன்னாள். "இதுக்கா பஸ் ஏறி வந்தேன்," என்று ஒரு பையன் முணுமுணுத்தான். எனக்கு அது சுலபமாக இருந்தது. அசையாமல் உட்கார்ந்து ஒரே இடத்தைப் பார்ப்பது இருபது வருடம் எனக்குச் சோறு போட்ட வேலை.

பிறகு கைப்பேசியிலேயே எடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். என்னுடையது தம்பி மகள் வேண்டாம் என்று தூக்கிக் கொடுத்தது, மூலையில் கீறல் விட்டது. மேகம் வந்தால் கைப்பேசி தானாகவே படத்தை வெளுப்பாக்கிவிடும், அது பொய் வெளிச்சம், திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும் என்று காட்டினாள். எடுக்கும்போது மூச்சை எப்போது விட வேண்டும் என்று காட்டினாள். எடுத்ததை வெட்டி ஒட்டும்போதுதான் கஷ்டம். கம்பெனியில் கெட்டதைத் தூக்கிப் போடுவோம். இங்கே நல்லதையும் தூக்கிப் போட வேண்டும் என்றாள். எது நல்லது என்று தெரிந்துகொண்டே தூக்கிப் போடுவது எனக்கு ரொம்ப நாள் வரவில்லை.

கடைசியில் ஒரு வேலை கொடுத்தாள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடம், ஏழு நிமிடம். நடிப்பு வேண்டாம். மற்றவர்கள் கடற்கரை, ஃபெர்ரி, உணவுக்கடை என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது எங்கள் சமையலறைதான்.

எங்கள் சமையலறைக் கூரை ஜிங்க் தகடு. நடுவில் ஒரே ஒரு தகடு மட்டும் வெளிச்சம் விடும் பிளாஸ்டிக். அதன் வழியாக விழும் வெயில் மதியம் இரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் ஆரம்பித்து, தரையில் இறங்கி, மெதுவாக நகர்ந்து, மூன்றே முக்காலுக்கு அடுப்பு மேசையின் காலைத் தொடும். அந்த வெயிலை எத்தனையோ வருடம் மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். எடுக்க வேண்டும் என்று வந்தபோதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அதைத்தான் எடுத்தேன். பதினோரு மதியம் ஆனது. ஒரு நாள் மழை, ஒரு நாள் மேகம், ஒரு நாள் பக்கத்து வீட்டில் சுவர் இடித்தார்கள். எந்த நிமிடத்தில் வெயில் எங்கே நிற்கும் என்று மறக்காமல் இருக்க, மஞ்சள் தூளைக் குழைத்துத் தரையில் சின்னச் சின்னக் கோடு போட்டு வைத்தேன். அடுத்த நாள் கைப்பேசியை அதே இடத்தில் நிறுத்த அதுதான் கணக்கு.

"ஐயோ, யாரு இது தரையெல்லாம் மஞ்சள அப்புனது?" தம்பி மனைவி துடைப்பக்கட்டையோடு நின்றாள்.

"நாந்தான்மா. படத்துக்கு."

"படத்துக்கா? தரைக்கு மஞ்சள் காப்பு பண்ணி கல்யாணம் கட்டி வைக்கப் போறீங்களா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். துடைத்தும் விட்டாள். நான் மறுபடி கோடு போட்டேன். அவள் வாய் எப்போதும் அப்படித்தான். ஆனால் கெட்டவள் என்று எழுத மாட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவாள். என் கண் மருந்து தீர்ந்துவிட்டதா என்று அவள்தான் பார்ப்பாள்.

தம்பி மகள் ஒரு நாள் குனிந்து பார்த்தாள்.

"அத்த, என்ன எடுக்கறீங்க? இங்க ஒண்ணுமே இல்லையே."

"வெயில் நகருது பாரு."

"அதுக்கு எதுக்கு போனு? நீங்களே உக்காந்து பாத்துக்கலாம்ல?"

படம் எடுத்து முடித்த பிறகு டைரக்டர் இன்னொன்று கேட்டாள். அந்த அறையின் சத்தம் ஒரு நிமிடம் வேண்டும் என்றாள். யாரும் பேசாமல், எதுவும் நடக்காமல், அறை சும்மா இருக்கும்போது அதற்கென்று ஒரு சத்தம் இருக்குமாம். ஃபிரிட்ஜ், காற்றாடி, தெருவில் போகும் மோட்டார் சைக்கிள். அதைப் படத்துக்கு அடியில் விரித்தால்தான் வெட்டின இடமெல்லாம் தெரியாமல் ஒட்டும். எல்லாப் படத்திலும் அப்படிச் செய்வார்களாம். "நீங்க ரூம்லயே அசையாம நில்லுங்க ஆண்ட்டி, ஒரே நிமிஷம்," என்றாள்.

நான் அங்கேதான் தப்புச் செய்தேன். அறை சும்மா இருக்க வேண்டும் என்றால் நான் ஏன் அங்கே நிற்க வேண்டும்? என் மூச்சுச் சத்தம் படத்தில் வந்துவிடுமே என்று எனக்குக் கூச்சம். கைப்பேசியில் பதிவைத் தொடங்கி, அலமாரியில் பெரிய பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு, துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். கொடியில் இடம் பார்த்துக் காயப்போட்டேன். பக்கத்து வீட்டுச் சீனத்தி அவள் செடியைக் காட்டினாள். பிறகுதான் ஞாபகம் வந்து ஓடிவந்து நிறுத்தினேன். பத்தொன்பது நிமிடம் ஓடியிருந்தது. இதில் ஒரு நிமிடம் கிடைக்காதா என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் டைரக்டர் அதைக் கணினியில் போட்டாள். எல்லாரும் கேட்கட்டும், ரூம் டோன் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளட்டும் என்று பெரிய ஸ்பீக்கரில் விட்டாள். எனக்கு ஏதோ இரைச்சல் மாதிரிதான் கேட்டது. மற்றவர்கள் முகம் மாறியது. முதலில் ஒரு பெண் வாயைப் பொத்தினாள். ஒரு பையன் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினான். டைரக்டர் கை விரைவாகப் போய் நிறுத்தியது.

"என்னம்மா?" என்றேன். "ரிப்பேரா?"

 டைரக்டர் ஹெட்போனை எடுத்து என் வலது காதில் சரியாகப் பொருத்தி, சத்தத்தை முழுக்க ஏற்றி, முதலில் இருந்து விட்டாள். அந்த அறையில் கடைசியாகக் கேட்டவள் நான்தான்.

நாற்காலி இழுக்கும் சத்தம். கிளாஸில் கரண்டி சுற்றும் சத்தம். பிறகு தம்பி மனைவி.

"எங்க உங்கக்கா?"

"பின்னால துணி காயப் போடறாங்க." இது தம்பி.

"அந்த ஃபிரிட்ஜு வேணாம். அங்க போயி புதுசு வாங்கிக்கலாம். இந்த மேச லிஃப்ட்ல ஏறாது."

"ஏறும் லா. காலக் கழட்டிடலாம்."

"சாமி மேடை?"

"அது முன்னால போகும். நான் பாத்துக்கறேன்."

"சரி, அக்கா?"

கரண்டி நின்றது.

"மூணு ரூமுதான்," என்றாள் அவள். "நமக்கு ஒண்ணு, மகளுக்கு ஒண்ணு. பையன் வந்தா எங்க படுப்பான், பால்கனியிலயா?"

"ஏதாச்சும் பாப்போம்."

"நீங்க பாக்க மாட்டீங்க. நான் அந்த ஹோம்ல கேட்டுட்டேன். எடம் இருக்காம். நல்லா பாத்துக்குவாங்களாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் கூட்டிட்டுப் போவோம், தீபாவளிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வருவோம். அங்க தாத்தா பாட்டி எத்தன பேரு! எல்லாரையும் வச்சுப் படம் எடுக்கட்டும்."

பிறகு அவள் என் குரலில் பேசினாள். மெலிசாக, பயந்து பயந்து, வார்த்தையை விழுங்கி விழுங்கி, அப்படியே நான். "தாத்தா... கொஞ்சம் இருமாதீங்க தாத்தா... சவுண்டு போவுது... பாட்டி, பல்லு செட்டு முந்தி வாயில இருந்துச்சு, இப்ப கையில இருக்கு... மாத்திப் போடுங்க... ஆக்‌ஷன்..."

தம்பி சிரித்தான். சிறு பிள்ளையில் இருந்தே அவன் சிரிப்பு முடியும்போது ஒரு விக்கல் வரும். அந்த விக்கல் ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது. "போதும்டி," என்றான். மறுபடி சிரித்தான்.

பத்து காவான் என்ற ஊரில் அவர்கள் புது அப்பார்ட்மெண்டுக்குப் பணம் கட்டியிருப்பது எனக்குத் தெரியும். வாடகைக்கு விடுவதற்கு என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

ஹெட்போனைக் கழற்றினேன். டைரக்டர் என் கையைப் பிடித்தாள். "ஆண்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. ஆனா இதுதான் உங்க படம். வெயில் நகருது, கீழ இந்தப் பேச்சு. இத எழுதி நடிக்க வச்சாகூட இப்படி வராது."

"செம ஆண்ட்டி," என்றான் சிரித்த பையன். மனதாரத்தான் சொன்னான்.

என் தலையில் விழுந்த கல்லைக் கையில் எடுத்து, எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது பாருங்கள் என்று எனக்கே காட்டுகிற மாதிரி இருந்தது. ஆனால் அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. பதினோரு நாள் எடுத்த வெயில் அதுவரைக்கும் வெறும் வெயிலாகத்தான் இருந்தது. அந்தப் பேச்சு அடியில் வந்ததும், அது அடுப்பு மேசையை நோக்கி எதற்கோ அவசரப்படுகிற மாதிரி ஆகிவிட்டது.

"முடிவு உங்களோடது," என்றாள் டைரக்டர். "உங்களுக்கு மேல தயாரிப்பாளர் இல்ல, கம்பெனி இல்ல. தனியா படம் எடுக்கறதுன்னா அதுதான் ஆண்ட்டி. யாரையும் கேக்க வேணாம். ஆனா யாரையும் கைகாட்டவும் முடியாது."

என்னைக் கேட்டு யாரும் எதையும் முடிவு செய்ததில்லை. பள்ளிக்கூடத்தை அப்பா நிறுத்தினார். வேலைக்கு அத்தை சொல்லிவிட்டாள். எந்த ஷிஃப்ட் என்பதை லைன் லீடர் சொன்னாள். வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் வேண்டாம் என்று அம்மா சொன்னாள். அறுபத்தேழு வயதில் ஒருத்தி என் முன்னால் ஒரு கணினியை வைத்து, நீயே முடிவு செய் என்கிறாள்.

வீட்டுக்கு வந்து, அந்த ஒரு நிமிடத்தை மறுபடி பதிவு செய்தேன். இந்தத் தடவை சொன்னபடி அறையிலேயே இருந்தேன். ஒரு நிமிடம் போதாது என்று அரை மணி நேரம் உட்கார்ந்தேன். தம்பி தண்ணீர் குடிக்க வந்தான், என்னைப் பார்த்தான், குடித்துவிட்டுப் போனான். அவன் மனைவி கைப்பேசியில் பேசிக்கொண்டே வந்தாள், என்னைப் பார்த்ததும், "இரு, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டுப் போனாள். பிறகு கேட்டுப் பார்த்தேன். அவள் பேசிய அந்த இரண்டு வார்த்தையை விட்டால் ஃபிரிட்ஜும் காற்றாடியும் மட்டும்தான். நல்ல சுத்தமான பதிவு. நான் இருந்தால் அந்த வீடு பேசாது என்று அப்போது தெரிந்துகொண்டேன். எத்தனை வருடமாக அப்படியோ. என் காதுதான் மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டில் எதை வைப்பது என்று இரண்டு வாரம் யோசித்தேன். பேச்சு இருக்கிற பதிவைத்தான் வைத்தேன். கலைக்காக என்று சொன்னால் பொய். தம்பி முகத்தைப் பார்த்து, "என்னை எங்கடா விடப் போற?" என்று கேட்க எனக்கு வாய் கிடையாது. படம் எனக்காகக் கேட்கட்டும் என்று நினைத்தேன். இருட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், கேட்பான், வெளியே வந்து, "அக்கா, நீங்களும் எங்களோட வர்றீங்க" என்று சொல்லுவான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் அந்தப் படத்தை முடித்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சின்ன மண்டபத்தில் ஆறு பேர் படத்தையும் போட்டார்கள். தம்பி மனைவி பட்டுச்சேலை கட்டி, இரண்டு பக்கத்து வீட்டையும் கூட்டி வந்திருந்தாள். "எங்க நாத்தனாரு டைரக்டர் ஆயிட்டாங்க," என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். என் தலையில் ஒரு முழம் மல்லிகையை அவளே வைத்துவிட்டாள். அவள் விரல் என் பின் கழுத்தில் பட்டபோது, எழுந்து போய் நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். அதற்கும் நாலு பேர் முன்னால் நடந்து போக வேண்டும். உட்கார்ந்திருந்தேன்.

என் படம் நான்காவது. தொட்டி விளிம்பில் வெயில். எல்லாரும் அமைதியாகப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு பேர் நெளிந்தார்கள். பேச்சை மெதுவான சத்தத்தில் ஆரம்பித்து ஏற்றியிருந்தோம். எனக்கு அது கேட்காது. எந்த இடத்தில் வெயில் வந்தால் எந்த வார்த்தை என்று மனப்பாடம் இருந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் தரையின் நடுவுக்கு வந்தது. ஃபிரிட்ஜு, மேச, சாமி மேடை. அவன் நெற்றி சுருங்கியது. அவன் மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நான் எதிர்பார்க்காதது நடந்தது. மண்டபம் சிரித்தது. பல்லு செட்டு வந்த இடத்தில் என் மந்தக் காதுக்கே கேட்கிற அளவுக்குச் சிரித்தார்கள். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். வெளிச்சம் தெரிந்தது எனக்கு, வெட்டத் தெரிந்தது, சனங்கள் எங்கே சிரிப்பார்கள் என்று தெரியவில்லை. என்ன செய்வது, அவள் பேசியது நல்ல வேடிக்கைதான். தம்பி மனைவியும் திரும்பிப் பார்த்து எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். தன் குரல் தனக்குப் பிடிபடாது போலிருக்கிறது. அவள் மகள்தான் அவள் முழங்கையைப் பிடித்தாள். என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை, வாய் அசைவில் தெரிந்தது.

"அம்மா, அது நீங்க."

விளக்கு போட்டதும் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார்.

"அம்மா, அந்த வசனம் ரொம்ப இயல்பு. யாரு எழுதுனது?"

"வீட்டுலயே கெடச்சுது," என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள்.

"பேசுனவங்க யாரும்மா? அந்தப் பொண்ணு பெரிய ஆர்ட்டிஸ்ட்டு மாதிரி பேசுறாங்களே!"

தம்பியைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சவங்க," என்றேன்.

 வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி மனைவி பட்டுச்சேலையோடேயே அழுதாள். "சொந்த வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சு வேவு பாப்பாங்களா? நாளைக்கு நான் கோயிலுக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?" வேவு பார்க்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் வைத்தது நான்தான். ஊர் முன்னால் போட்டதும் நான்தான். என்னைப் பற்றிப் பேசியதை அவள் நாலு சுவருக்குள் பேசினாள். நான் அவளைப் பற்றிப் பேசாமலே ஒரு மண்டபத்துக்குக் காட்டினேன்.

அடுத்த நாள் ஞாயிறு. வகுப்புக்குப் போகவில்லை. மதியம் தம்பி மனைவியும் மகளும் வெளியே போயிருந்தார்கள். தம்பி சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

"அக்கா, ஈப்போவுல வேற அந்தப் படத்தப் போடப் போறாங்களாமே?"

"ஆமா. அடுத்த மாசம்."

"அந்தப் பேச்ச மட்டும் எடுத்துட முடியுமா? வெயில் நல்லா இருக்கு. அது மட்டும் இருக்கட்டுமே."

இதற்காகத்தான் வந்திருக்கிறான். நேற்று ராத்திரி முழுக்க யோசித்து, இதைத்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"முடியும்," என்றேன். "எடுத்துடறேன். ஆனா எடுத்த எடத்துல வேற ஏதாச்சும் வைக்கணும் தம்பி. ஓட்டையா விட முடியாது."

"என்ன வைக்கணும்?"

கைப்பேசியை எடுத்து அவன் முன்னால், மேசையின் நடுவில், அவனுக்குத் தெரியும்படி வைத்தேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். எண்கள் ஓட ஆரம்பித்தன.

"நீ சொல்லு," என்றேன். "நான் எங்க இருக்கப் போறேன்னு சொல்லு. அதை வச்சிடறேன்."

என் வாழ்க்கையில் நான் ஒருவரிடம் நேராகக் கேட்டது அது ஒன்றுதான்.

அவன் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஃபிரிட்ஜ் ஓடியது. தெருவில் ஒரு மோட்டார் போனது. வெயில் அவன் நாற்காலிக் காலைத் தாண்டி அடுப்பு மேசைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

"இது அடுப்பு வரைக்கும் வருமா?" என்றான்.

"மூணே முக்காலுக்கு வரும்."

"நான் பாத்ததே இல்ல," என்றான். தேநீரை முடித்தான். கிளாஸைத் தொட்டியில் வைத்துவிட்டு முன் அறைக்குப் போனான்.

பொத்தானை நிறுத்தினேன். ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அந்தப் பேச்சை எடுத்துவிட்டு இதை வைத்தேன். என் கேள்வியை வெட்டிவிட்டேன். அது இருந்தால் அவனுக்கு மறுபடியும் அவமானம். டைரக்டர் பார்த்துவிட்டு மறுபடி ஒரு தடவை முதலில் இருந்து ஓட்டினாள். "முந்தினதுதான் நல்லா இருந்துச்சு ஆண்ட்டி," என்றாள். எனக்கும் தெரியும். நல்லதையும் தூக்கிப் போட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவள் அவள்தானே.

ஹோமுக்கு நான் போகவில்லை. கம்பெனியில் என் பக்கத்து மைக்ரோஸ்கோப்பில் இருந்தவள் ஆயர் ஈத்தாமில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள். அவளிடம் ஒரு அறை எடுத்துக்கொண்டேன். அவர்கள் பத்து காவானுக்குப் போய்விட்டார்கள். மேசையின் காலைக் கழற்றித்தான் ஏற்றினார்களாம். தைப்பூசத்துக்குத் தம்பி வந்து கூட்டிப் போனான். சொன்னபடி தீபாவளிக்கும் கூட்டிப் போவான். பழைய வீட்டை வாங்கியவர்கள் சமையலறைக் கூரையை முழுவதும் மாற்றிவிட்டார்கள்.

ஈப்போவில் படம் முடிந்து, அதில் பேசுவது நானும் என் தம்பியும் என்று டைரக்டர் சொன்னதும், ஒரு இளம்பெண் என்னைத் தேடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஆண்ட்டி, கடைசியில அக்காவும் தம்பியும் வேற ஒண்ணும் பேசாம உக்காந்து வெயிலப் பாக்குறாங்கல்ல? எங்க வீட்டுல எல்லாம் அப்படி ஒரு பாசம் இல்ல ஆண்ட்டி."

அவள் நல்ல பிள்ளை. எதற்கு அவள் மனத்தைக் கெடுப்பது? "ஆமாம்மா," என்றேன். ஒரே தடவைதான் சொன்னேன், அவளுக்குக் கேட்டுவிட்டது.